மினதி வாசலில் நின்ற கழுதைகள்

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. பக்கத்து நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் நான் சொல்வது உங்கள் காதுவரைக்கும் வந்து சேராது. பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீங்களாக இட்டுக்கட்டிக்கொண்டு போய் நாலு பேரிடம் சொல்வீர்கள், அப்படிப் பாதியில் எழுந்துபோன பேச்சுகளால் எங்கள் சந்து பட்டது போதும்.

திருப்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சாயத் தண்ணி ஓடி ஓடி மண்ணே ஊதா நிறமாகிப்போன ஓடைக்கரை ஓரத்தில், எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு அறை வைத்த லைன் வீடு ஒன்று இருந்தது. நடுவில் ரெண்டு பேர் தோள் இடிக்காமல் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து, சந்தின் தலைப்பில் பாப்பாத்தியின் டீக்கடை, டீக்கடைக்கு மேலே மாடியில் லைனுக்குச் சொந்தக்காரர் சென்னியப்பன், சந்தின் கடைசியில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு முன்னால் பன்னிரண்டாம் அறை. அந்த அறையில் ரமாகாந்தும் அவன் பெண்டாட்டி மினதியும் குடியிருந்தார்கள். ஒடிசாவில் காளஹண்டிப் பக்கம் அவர்களுக்கு ஊர், ரெண்டு ராத்திரி ரெண்டு பகல் ரயிலில் உட்கார்ந்து வந்தவர்கள், பேசுவது ஒடியா. ஆனால் சந்து முழுக்க அவர்களை இந்திக்காரங்க என்றுதான் சொன்னது. வந்த புதிதில் மினதி ஒவ்வொரு தரமும், “இந்தி இல்லக்கா, ஒடியா” என்று திருத்துவாள், கேட்டவர்களும் “செரி செரி, இந்திதான” என்று சொல்லிவிட்டுப் போவார்கள், ஒரு வருஷம் போனதும் அவள் திருத்துவதை விட்டுவிட்டாள்.

நான் சொல்கிற வருஷம் அமெரிக்காவில் துணிக்கு வரி ஏற்றினார்கள். அமெரிக்கா எங்கே இருக்கிறது, எங்கள் சந்து எங்கே இருக்கிறது. ஆனாலும் அங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்து விழுந்த மறு வாரம் இங்கே பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடினார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவனுக்கு ஒரு ஷிப்ட், ஒரு ஷிப்ட் பார்த்தவனுக்கு அரை ஷிப்ட், அரை ஷிப்ட் பார்த்தவனுக்கு வீடு என்று ஆனது. எல்லாருக்கும் வயிற்றில் ஒரு எரிச்சல். அந்த எரிச்சலைக் கொண்டுபோய் அமெரிக்காவின் வாசலில் நின்று கத்தலாம் என்றால் அந்த வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளி வாசலில் கத்தலாம் என்றால் அடுத்த வாரம் அரை ஷிப்டும் இருக்காது. ஆகவே எல்லாரும் கம்பெனியில் “செரிங், செரிங்” என்று தலையாட்டிவிட்டு, வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு சந்துக்குத் திரும்பினார்கள்.

மூன்றாம் அறையில் லோகநாதன் இருந்தான், பனியன் ஓரம் தைக்கிற பிளாட்லாக் மெஷின் டெய்லர், ஊருக்கெல்லாம் லோகு. ஒரு செவ்வாய்க்கிழமை அவனுக்கும் அரை ஷிப்ட் என்று சொல்லிவிட்டார்கள். அவன் வீட்டில் சொல்லவில்லை. டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாம் இந்த இந்திக்காரங்களாலதான். ஒரு எடத்துக்கு ரெண்டு பேரு வந்து நின்னா நம்மள எவன் மதிப்பான்?” என்றான்.

“டீ ஆறுது லோகு,” என்றாள் பாப்பாத்தி.

மறுநாள் காலையில் மினதி வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, கதவுக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கழுதை நின்றிருந்தது. சாம்பல் நிறம், கழுத்தில் கயிறு இல்லை, முதுகில் சலவைக்காரர் வைக்கிற மையும் இல்லை. மினதி ஒடியாவில் நகரச் சொன்னாள், தமிழில் நகரச் சொன்னாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம், தள்ளுவதற்கும் உடம்பில் தெம்பு இல்லை. ஒரு கிண்ணத்தில் கஞ்சித் தண்ணி வைத்தாள், அது குனிந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் அதன் நாலு கால்களையும் சுற்றிக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் இன்னும் மூன்று வந்தன. அடுத்த வாரம் ஐந்து. ஆயுத பூசைக்குள் பதினொன்று ஆகிவிட்டது. புல் தின்னவில்லை, விட்டை போடவில்லை, கத்தவில்லை, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவில்லை, பதினொன்றும் பன்னிரண்டாம் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு, தியேட்டரில் படம் தொடங்கக் காத்திருக்கிற ஜனங்கள் மாதிரி வரிசையாக நின்றன. மினதி குடத்தோடு வெளியே வந்தால் பதினொரு ஜோடிக் கண்ணுக்கு நடுவில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து தொட்டிக்குப் போக வேண்டும், நிறைகுடத்தோடு அதேபோலத் திரும்பி வர வேண்டும்.

சந்து ஒரு வாரம் பேசியது, அப்புறம் பழகிவிட்டது. மனுஷனுக்குப் பழகாதது எது சொல்லுங்க. ஈரத் துணியைக் கழுதை முதுகில் காயப்போட்டார்கள், கொடியைவிட அது சீக்கிரம் காய்கிறது என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள். ஏதோ ஒரு கட்சிக்காரர்கள் வந்து நாலு கழுதைகளின் விலாவில் போஸ்டர் ஒட்டினார்கள், சாயங்காலம் இன்னொரு கட்சிக்காரர்கள் வந்து அதன்மேல் தங்கள் போஸ்டரை ஒட்டினார்கள். ஆயுத பூசைக்குத் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு கழுதைகளின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள், விட்டுப்போனால் ஏதாவது குற்றம் ஆகிவிடுமோ என்ற பயம்தான். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, இது மாட்டுக் கணக்கிலும் சேராது நாய்க் கணக்கிலும் சேராது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். கால்நடை டாக்டர் வந்து ஒன்றின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே இதயம் துடிக்கிற சத்தம் இல்லை, யாரோ வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற சத்தம் வருகிறது, ஆனால் காய்ச்சல் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். டிவிக்காரர்கள் பாதி வழி வந்துவிட்டு, வேறெங்கோ பாலம் இடிந்துவிட்டது என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

இதற்கு நடுவில் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது, இந்திக்காரர்கள் ரயிலில் கழுதைகளைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள், ஒரு கழுதை வந்த வீதியில் ஆறு மாசத்தில் ஒரு தமிழ் ஆளுக்கும் வேலை இருக்காது என்று. ரயிலில் கழுதைக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் அதை எல்லாருக்கும் அனுப்பினார்கள். லைன்காரர் சென்னியப்பனுக்கும் அது நாலு பக்கமிருந்து வந்தது.

சென்னியப்பனுக்கு அறுபத்தெட்டு வயசு. வெள்ளை வேட்டி, கையில் எந்நேரமும் போன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம், ஒரே மகன் கனடாவில். அவர் மாடியிலிருந்து இறங்கிவந்து, கழுதைகளுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, ரமாகாந்தைக் கூப்பிட்டார்.

“இத பாரப்பா, ஒன்னிய எனக்குத் தனியாப் புடிக்காம இல்ல. ஆனா உங்க கழுதைகளால என்ற லைனுக்கே கெட்ட பேரு. வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணிக்கோ. போறப்ப உங்க கழுதைகளையும் ஓட்டிட்டுப் போயிரோணும்.”

“எங்க கழுதை இல்ல சார்,” என்றான் ரமாகாந்த்.

“உங்க வாசல்லதான நிக்குது?”

ரமாகாந்த் அன்றே வேறு அறை தேடக் கிளம்பினான். வேறு லைன்களில் போய்க் கேட்டுப்பார்த்தான். கழுதைக்காரன் என்ற பேர் அவனுக்கு முன்னால் நடந்து போய் எல்லாக் கதவையும் சாத்திவைத்திருந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்றால், ஏழு மாச வயிற்றோடு முன்பதிவில்லாப் பெட்டியில் ரெண்டு ராத்திரி. ஆஸ்பத்திரியில் ஏற்கனவே மினதியிடம் படியே ஏறாதே என்று சொல்லியிருந்தார்கள்.

இனி வசந்தாமணியைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் அறை, நாற்பத்து நாலு வயசு, புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பத்தொன்பது வருஷமாக ஒரே பனியன் கம்பெனியில், தைத்து வருகிற பீஸில் குறை பார்க்கிற செக்கிங் வேலை. டியூப்லைட் வெளிச்சத்தில் மேஜைமேல் பீஸைப் போட்டால் மற்ற செக்கிங் பெண்கள் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள், வசந்தாமணி முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பாள். வெளியே எல்லாத் துணியும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், உள்ளே பார்த்தால்தான் டெய்லர் எங்கே கொட்டாவி விட்டான் என்று தெரியும் என்பாள். பேர் எழுதாத பீஸை எடுத்து, “இது லோகு கை, முடிக்கற எடத்துல ஒரு இழுப்பு இழுப்பான்” என்பாள். “இத தெச்சவ காலைல மாமியாகூடச் சண்டை போட்டுட்டு வந்திருக்கறா” என்பாள், விசாரித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். அவள் பேச்சைக் கேட்டால் எல்லாருக்கும் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும்.

சென்னியப்பன் கெடு வைத்த மறுநாள் காலை, வசந்தாமணி தொட்டிக்குப் போனவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, கழுதை வரிசையை மேஜைமேல் வந்த துணி லாட்டைப் போலப் பார்த்தாள். முதலில் வந்த கழுதை வலது முன்னங்காலை நிற்காமல் மெதுவாக அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், மூன்றாம் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அது பெடல் மிதிக்கிற கால். மெஷின் இல்லாத நேரத்திலும் லோகு அப்படித்தான் மிதிப்பான். நாலாவதாக நின்றது ஒரு காதை மட்டும் தூக்கித் தலையைச் சாய்த்து, யாரோ கூப்பிடப்போகிற மாதிரி அசையாமல் நின்றது. அது சென்னியப்பன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் பேசுவான் பேசுவான் என்று போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாடியில் உட்கார்ந்திருப்பார், கீழே ரமாகாந்த் போனில் அவன் அம்மா முகத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். ஆறாவது கழுதை எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நின்றது, சிரிக்கிறதா அழுகிறதா தெரியவில்லை. வசந்தாமணி டீக்கடையைப் பார்த்தாள், கடன் சொல்லிவிட்டுப் போகிறவனுக்கும் பாப்பாத்தி அப்படித்தான் சிரித்துக்கொண்டே டீ ஊற்றுவாள்.

அன்று மதியம் சாப்பிட வந்தபோதே பாப்பாத்தியிடம் மெதுவாகச் சொன்னாள். “அக்கா, அதுக அவிங்க கழுதைக இல்லீங்க்கா. நம்மளதுங்க.”

“என்னடி சொல்ற?”

“நெசமாத்தான். ஒவ்வொண்ணும் ஒரு ஆளு கை. நாம முழுங்கினது எங்கியோ போயி நிக்கோணுமில்ல, அங்க போயி நிக்குது.”

பாப்பாத்தி பாத்திரம் தேய்த்த கையைத் துடைத்துக்கொண்டு சந்தின் கடைசிவரை எட்டிப் பார்த்தாள். பிறகு, “அந்தப் பல்லைக் காட்டறது என்ற கழுதையா?” என்று கேட்டாள்.

“நான் சொல்ல மாட்டனுங்.”

“சொல்லவே வேண்டாம். அது மூஞ்சியப் பாத்த மொத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.” அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள். “செரி, மத்த பத்துக்கும் ஆளு இருக்குதுங்கற. எல்லாத்துக்கும் முன்னால, கதவோட மூக்கு ஒட்டற மாதிரி நிக்குதே ஒண்ணு, அது ஆரு?”

“அதுதானுங்க்கா தெரியல. அத மட்டும் எனக்குப் பாக்கவே புடிக்கல. பாத்தாலே ஒரு எரிச்சல் வருது. பிச்சக்காரக் கழுத, பொழுதன்னிக்கும் கண்ணச் சுருக்கிச் சுருக்கிக் கதவையே மோந்து பாத்துக்கிட்டு.”

பாப்பாத்தி அவளை உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“ஏன்டி வசந்தா, ஊர்ல இருக்கறவிங்க கையெல்லாம் கண்டுபுடிக்கற. அது கதவப் பாக்கறது நீ துணியப் பாக்கற மாதிரியே இருக்குதே, அது உனக்குத் தெரியலியா?”

வசந்தாமணி டீயைக் கீழே வைத்தாள். குடிக்காமலே எழுந்துபோனாள்.

அன்று மதியத்துக்கு மேல் கம்பெனியில் அவளுக்கு ஒரு பீஸும் ஓடவில்லை. இனி நான் சொல்வது அதுவரை அவள் யாரிடமும் சொல்லாதது. அவளுக்குக் கண் மங்கி ஒரு வருஷம் ஆகிறது. செக்கிங்காரிக்குக் கண் போனால் அதற்கப்புறம் அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பெருக்குகிற வேலைகூடக் கிடைக்காது. ஆகவே அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, துணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். மாசி மாசம், அப்போது அதே கம்பெனியில் டெய்லராக இருந்த ரமாகாந்த் தைத்த லாட் ஒன்று அவள் மேஜைக்கு வந்தது. ஊசி தேய்ந்துபோய்த் தையல் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருந்தது. முதல் பத்து பீஸில் பிடித்திருந்தால் ஊசியை மாற்றி முடித்திருப்பார்கள், இது எங்கள் ஊரில் தினம் நடப்பதுதான். அவள் கண்ணுக்கு ஓட்டை தெரியவில்லை. மொத்த லாட்டும் கப்பலேறிப் போய்த் திரும்பி வந்தது. மேனேஜர் கேட்டபோது அவள் வாயில் தானாக ஒரு பதில் வந்தது: “நான் பாக்கறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. அந்த இந்திக்காரப் பையன் தையலே அப்படித்தானுங்க.” ரமாகாந்தை அன்றே நிறுத்திவிட்டார்கள். அவன் இப்போது சாயப்பட்டறையில் மூட்டை தூக்குகிறான். அதற்கப்புறம் மினதி எதிரில் வந்தால், காரணமே தெரியாமல் வசந்தாமணிக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. நடக்கிற விதம் பிடிக்கவில்லை, குடம் வைக்கிற விதம் பிடிக்கவில்லை. அப்படிப் பிடிக்காமல் போன ஒரு நாளின் மறுநாள்தான் அந்தக் கழுதை வந்தது.

சனிக்கிழமை விடிகாலையில், சந்து எழுந்திருக்குமுன், அவள் அதன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். ரமாகாந்த் தினம் தள்ளிப்பார்த்தும் அசையாத கழுதை, அவள் ரெண்டடி வைத்ததும் பூனைக்குட்டிபோலப் பின்னால் வந்தது. அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள், அது திரும்பிப் போய் மினதியின் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டது. அங்கேயே விட்டுவிட்டால் நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும், ரமாகாந்தும் மினதியும் போய்விடுவார்கள், கம்பெனிக்கும் ஒன்றும் தெரியாது. அன்று பூராவும் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நாங்கள் குட்டியானை என்று சொல்கிற சின்ன லாரி சந்தின் தலைப்பில் வந்து நின்றது. ரமாகாந்த் பாயையும் ரெண்டு பெட்டியையும் கேஸ் அடுப்பையும் ஏற்றினான். மினதி கதவுக்குப் பக்கத்தில் பாத்திரங்களைச் சேலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. சந்து முழுக்க வெளியே வந்து நின்றது. வருத்தப்படுகிற முகமும் இல்லை, சந்தோஷப்படுகிற முகமும் இல்லை, கரண்ட் வரக் காத்திருக்கிற முகம்.

வசந்தாமணி முன்னால் வந்தாள்.

“ஏனுங்ண்ணா,” என்றாள் சென்னியப்பனிடம், “கழுதைக அவிங்களதுன்னு சொன்னீங்க. காலி பண்றவிங்க அவிங்க பொருள எடுத்துட்டுத்தான போகோணும்?”

“ஆமா, பின்ன?”

“செரி. மினதி, வந்து ஓட்டு கண்ணு.”

மினதி வந்து முதல் கழுதையின் பிடரியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ரமாகாந்த் தள்ளினான். அசையவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை.

“வளத்தவன் பேச்சக் கேக்காத கழுத உண்டுங்களா?” என்றாள் வசந்தாமணி. “செரி உடுங்க. புள்ளத்தாச்சி, பாவம். வண்டி நிக்குது. நாமளே ஆளுக்கு ஒண்ணாத் தள்ளி ஏத்திப்போடலாம். லோகு, நீ மொதல்ல வந்து நின்னதத் தள்ளு. அண்ணா, நீங்க அந்த நாலாவத. பாப்பாத்தியக்கா, வாங்.”

அவள் ஆளைப் பார்த்துப் பார்த்துக் கழுதையைக் காட்டினாள். வேலை என்றால் ஒரு வார்த்தைக்கு நகர்கிற ஜனங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். லோகு கை வைத்ததுதான் தாமதம், கழுதை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பி அவன் தோளில் தலையை வைத்துக்கொண்டது. அவன் சட்டென்று பின்வாங்கினான், அது கூடவே வந்தது. வலப்பக்கம் போனான், வந்தது. அதன் முன்னங்கால் மிதிக்கிற தாளத்தைச் சந்து முழுக்கப் பார்த்தது.

“ஏனுங், இது உங்க காலு மாதிரியே…” என்று தொடங்கிய அவன் பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டாள்.

“ஏய், ஆளு மாத்திப் புடிங்கடா,” என்றார் சென்னியப்பன். லோகுவின் கழுதையை வேறு நாலு பேர் பிடித்தார்கள், கல்போல நின்றது. அவரே நாலாவதைப் போய்த் தொட்டார். தூக்கியிருந்த காதை அது மெல்ல இறக்கி, அவர் போன் வைத்திருந்த கைமேல் வைத்தது. அவர் அங்கேயே நின்றார். பெரிய மனுஷன், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வெயிலு,” என்றார். மேகம் மூடிக்கிடந்தது.

“எல்லாரும் ஏன் என்னையப் பாக்கறீங்க?” என்று ஒருவன் கத்தினான், அவன் பின்னாலும் ஒன்று வந்து நின்றிருந்தது.

யாராவது ஏதாவது சொல்லிச் சண்டையாகிவிடும் என்கிற அந்த நேரத்தில் வசந்தாமணி நேராகப் போய், கதவில் மூக்கை ஒட்டி நின்ற அந்தக் கழுதையின் கழுத்தில் கையைப் போட்டாள்.

“இது என்ற கழுதைங்க,” என்றாள். குரல் டீக்கடைவரைக்கும் கேட்டது. “எனக்குக் கண்ணு தெரியறதில்லீங். ஒரு வருசமாச்சு. ரமாகாந்த் லாட்டுல ஓட்டை இருந்தது எனக்குத் தெரியல, தெரியலன்னு சொல்லப் பயந்துக்கிட்டு அவன் மேல சொல்லிப்போட்டேன். நாளைக்குக் காலைல மேனேஜர்கிட்டப் போயிச் சொல்லப்போறேன். உங்க உங்க கழுத என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன். ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போயி நீங்களே கேட்டுக்கோங்.”

அவள் நடந்தாள், அது பின்னால் நடந்தது, ஏழாம் அறைக் கதவு சின்னது, அது தலையைக் குனிந்து உள்ளே போனது.

அப்புறம் ஒருத்தர் பின் ஒருத்தராக, யாரும் யாரையும் பார்க்காமல், கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்தவன் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி வேகவேகமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். சென்னியப்பன் நாலாவதை மாடிப்படியில் ஏற்றினார், ஒவ்வொரு படிக்கும் அது ஏறியது, அவர் நின்றால் அது நின்றது. லோகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், கொஞ்ச நேரத்தில் அவன் பெண்டாட்டி, “பதினேழு நாளா பஸ் ஸ்டாண்டுல போயா உக்காந்திருந்தீங்க? எங்கிட்டச் சொன்னா நான் என்ன தூக்குலயா தொங்கப்போறேன்?” என்று அழுகிற சத்தம் கேட்டது. பாப்பாத்தி மட்டும் தன் கழுதையை டீக்கடைக்குள்ளேயே கட்டிப்போட்டு, “இனி யாராவது என்ற சிரிப்ப நல்லாருக்குதுன்னு சொன்னா அதுகிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்கடா” என்றாள். போகப் போக அந்தக் கழுதைகள் என்ன ஆயின என்றால், சில வீட்டில் ஆட்டுக்குட்டி அளவுக்குச் சுருங்கின, சில வீட்டில் கோழி அளவுக்கு, ரெண்டு வீட்டில் இன்றைக்கும் அதே அளவில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கின்றன, விருந்தாளி வந்தால் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அது பின்னாடி.

அன்று என்ன ஆனது என்றால், சென்னியப்பன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, குட்டியானைக்காரனிடம், “சாமான இறக்கிப்போடப்பா, அவிங்க போகல,” என்றார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சந்து நினைத்தது. யாரோ அடுப்பைத் தூக்கிவந்து பன்னிரண்டாம் அறைக்குள் வைக்கப்போனார்கள்.

மினதி வாசலில் குறுக்கே நின்றாள். “வேண்டாம்,” என்றாள். “நாங்க போறோம்.”

“அட, அதான் இருக்கச் சொல்லிட்டாங்கல்ல கண்ணு.”

“நாங்க போறோம்.”

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். பதினொன்றும் போன இடத்தில் பன்னிரண்டாவதாக ஒன்று நின்றிருந்தது. மற்றவற்றின் பின்னால், தொட்டியின் நிழலோடு நிழலாக நின்றதால் யாரும் எண்ணாமல் விட்டது. நல்ல கறுப்பு, இருப்பதிலேயே பெரியது. மற்றதெல்லாம் கதவைப் பார்த்து நின்றது, இது கதவுக்கு முதுகைக் காட்டிச் சந்தைப் பார்த்து நின்றது. ரமாகாந்த் அதைத் தொடப்போனான், மினதி அவன் கையை விலக்கினாள். அவளே அதன் பிடரியில் கை வைத்தாள். அது உடனே நடந்தது. அவள் அதைச் சந்தின் நடுவாக, மூட்டை கட்டிய பாத்திரத்தைத் தாண்டி, துணி காயப்போட்ட கொடியைத் தாண்டி, ஏழாம் அறை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். வசந்தாமணி வெளியே வந்தாள்.

மினதி பேச வாயைத் திறந்தாள். முதலில் தமிழில் தொடங்கினாள், “அக்கா, நீ…” என்று. அந்தத் தமிழ் அவளுக்குப் போதவில்லை. தண்ணி வந்துச்சு, டீ குடுங்க, எவ்வளவு, செரிக்கா, இவ்வளவுக்குத்தான் சந்து அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்திருந்தது. அவள் ஒடியாவுக்கு மாறினாள். மாறியதும் அவள் குரலே வேறு. மூன்று வருஷமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்து பழகியவள் நேராக நின்று, கையை நீட்டி, ஏழாம் அறையைக் காட்டி, தன் வயிற்றைக் காட்டி, ரமாகாந்தின் சாயம் ஏறிய கையைக் காட்டி, தொட்டியைக் காட்டி, டீக்கடையைக் காட்டி, மாடியைக் காட்டித் திட்டினாள். ஒரு வார்த்தையும் யாருக்கும் புரியவில்லை. புரியாமலே ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்து வீட்டுக்குள் போனார்கள். “சின்னப் புள்ள, கோவத்துல பேசறா, உள்ள போ வசந்தா” என்று பாப்பாத்தி கூப்பிட்டாள். வசந்தாமணி போகவில்லை. உள்ளே அவள் வைத்துவிட்டு வந்த சோறு அடிப்பிடிக்கிற வாசம் சந்துக்கு வந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கி, மங்கலாகத் தெரிந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, எங்கே தலையாட்ட வேண்டுமோ அங்கே தலையாட்டினாள், எங்கே ஆட்டக் கூடாதோ அங்கே ஆட்டாமல் நின்றாள்.

வெகு நேரம் கழித்து மினதிக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கறுப்புக் கழுதை அவள் முழங்கால் உயரத்துக்குச் சுருங்கியிருந்தது.

வசந்தாமணி உள்ளே போய் ஒரு ஸ்டூலும் ஒரு சொம்புத் தண்ணியும் கொண்டுவந்தாள். ஸ்டூலை மினதிக்குப் போட்டாள். சொம்பைக் கையில் கொடுத்து, அவள் குடிக்கிறவரைக்கும் காத்திருந்தாள். பிறகு அவளுக்கு எதிரில், வெறுந்தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னும் இருந்தாச் சொல்லு கண்ணு,” என்றாள். “எனக்கு இன்னிக்கு லீவுதான்.”